சுடுகாட்டு மல்லியா, மஞ்சள் மாத்திரையா, முடிச்சு அவிழ்க்கும் ஊசியா?

சித்தப்பாவுக்கு மூன்றாவது கீமோ முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. பார்க்கப் போன என் கையில் சித்தி ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்தார். "ஏப்பா, நீதான செடிகொடிப் பாடம் நடத்துற. இதைப் படிச்சுச் சொல்லு. ஆறு மாசம் குடுத்தா ஊசியே வேணாம்ங்கிறாக."

மஞ்சள் கிழங்குச் சத்தில் செய்த 60 மாத்திரை, 1,800 ரூபாய். மேலே பச்சை இலைப் படம். '95 சதவீதக் குர்குமினாய்டு, மிளகுச் சத்து சேர்த்தது, மரபணு வரை சென்று வேலை செய்யும்' என்று அச்சடித்திருந்தது. விற்றவர் கூடவே ஒரு வாக்கியமும் சொல்லி அனுப்பியிருக்கிறார்: கீமோ ரசாயனம், இது மூலிகை.

என்னைச் சீண்டியது அந்த வாக்கியம்தான். சித்தப்பாவுக்கு வந்திருப்பது லிம்போமா. கழுத்தில் நெறி கட்டியது போல ஆரம்பித்த நிணநீர்ப் புற்றுநோய். 21 நாளுக்கு ஒரு முறை ஏறும் மருந்துகளில் சிவப்பாக ஒன்று உண்டு. அதற்கு அவர் 'ரோஸ்மில்க்' என்று பெயர் வைத்திருக்கிறார். அதோடு தண்ணீர் மாதிரி இன்னொன்று, சில நிமிடங்களிலேயே ஏறிவிடும். அதன் பெயர் வின்கிறிஸ்டின். அது எந்தச் செடியிலிருந்து வருகிறதோ அந்தச் செடி அவர் வீட்டு வாசலில், தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள விரிசலில், ரோஸ் நிறத்தில் பூத்து நின்றது. நித்தியகல்யாணி. கல்லுப்பட்டி பக்கம் சுடுகாட்டு மல்லி என்பார்கள். வாசலில் வைக்கக் கூடாது என்று சித்தி இரண்டு முறை பிடுங்கிப் போட்டும் மறுபடி முளைத்த செடி.

ஆக, சித்தப்பா உடம்புக்குள் ஏறிக்கொண்டிருந்ததும் ஒரு மூலிகைதான். ரசாயனமா மூலிகையா என்று பிரித்துப் பேசுவதில் அர்த்தமில்லை. உண்மையான போட்டியில் மூன்று பேர் இருக்கிறார்கள். செடியிலிருந்து பிரித்து, அளந்து, ஊசியாகப் போடும் மருந்து ஒன்று. 'மரபணுவைத் தொடும்' என்று சொல்லி விற்கப்படும் சமையலறைச் சத்து இன்னொன்று. எந்த மரபணு பேசும், எது பேசாது என்று தீர்மானிக்கும் மரபணு ஒழுங்காற்றலை மாற்றுவதற்கென்றே வந்த மருந்துகள் மூன்றாவது. இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கிழிசலும் முடிச்சும்

முதலில் 'மரபணு வரை சென்று' என்றால் என்ன என்று தெளிவாக வேண்டும். வகுப்பில் இதை நடத்தும்போது நான் கையில் எடுப்பது மதுரைச் சுங்குடிச் சேலை.

வெள்ளைத் துணியில் அங்கங்கே கிள்ளி நூலால் முடிச்சுப் போடுகிறார்கள். பிறகு சாயத்தில் முக்குகிறார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாது. அவிழ்த்தால் அங்கே வெள்ளைப் புள்ளி. துணி முழுக்க ஒரே நூல், ஒரே நெசவு; எங்கே முடிச்சு என்பதை வைத்துத்தான் கோலம். நம் உடம்பும் அப்படித்தான். கண்ணில் இருக்கும் செல்லுக்கும் கல்லீரல் செல்லுக்கும் டி.என்.ஏ. என்னும் துணி ஒன்றே. சுமார் 20,000 மரபணுக்கள் இரண்டிலும் உண்டு. எதைப் படிக்கலாம், எதை மூடி வைக்கலாம் என்பதை டி.என்.ஏ. மேல் ஒட்டும் மெத்தில் என்னும் சின்ன வேதிக் குறிகளும், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்னும் நூல்கண்டுகளும் தீர்மானிக்கின்றன. மெத்தில் முடிச்சு விழுந்த மரபணு பெரும்பாலும் பேசாது.

புற்றுநோயில் இரண்டு விதமான கெடுதல் நடக்கிறது. ஒன்று கிழிசல்: மரபணுவின் எழுத்தே மாறிப்போவது. செல்லைக் கட்டுக்குள் வைக்கும் பி53 என்ற காவல் மரபணு ஏறக்குறைய பாதிப் புற்றுநோய்களில் இப்படிக் கிழிந்து கிடக்கிறது. இன்னொன்று தப்பான இடத்தில் முடிச்சு: பி16 போன்ற பிரேக் மரபணுவில் எழுத்துப் பிழை எதுவும் இருக்காது, ஆனால் மேலே மெத்தில் ஏறி வாயைக் கட்டிவிட்டிருக்கும். கிழிசலைத் தைப்பது மகா கஷ்டம். முடிச்சை அவிழ்க்கலாம். மரபணு ஒழுங்காற்றல் பற்றி இத்தனை ஆர்வம் கிளம்பியதற்கு இதுதான் காரணம். மாத்திரை டப்பாக்காரர்கள் இந்த ஆர்வத்தைத்தான் கடன் வாங்கி அச்சடிக்கிறார்கள்.

சுடுகாட்டு மல்லி

நித்தியகல்யாணியின் கதை சர்க்கரை நோயில் தொடங்குகிறது. நம் ஊரிலும் அதன் பூவைக் கஷாயம் வைத்துச் சர்க்கரைக்குக் குடிப்பவர்கள் உண்டு. ஜமைக்காவிலும் அதே பழக்கம். 1952-இல் அங்கிருந்து இலைகள் கனடாவுக்குப் போயின. ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. எலிகள் தொற்று வந்து செத்தன. ஏன் என்று பார்த்தால் அவற்றின் வெள்ளையணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளையணுவைக் குறைக்கும் சரக்கு, வெள்ளையணு பெருகிப்போகும் ரத்தப் புற்றுநோய்க்கு உதவுமே என்ற யோசனை அங்கே பிறந்தது. நோபிளும் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958-இல் வெளியே வந்தது. அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்டினுக்கு 1963-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் தீவிர லிம்போ ரத்தப் புற்றுநோயில் அப்போது பத்தில் ஒரு குழந்தை பிழைப்பதே அரிது. இன்று வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது பிழைக்கின்றன. இது ஒரு மருந்தின் சாதனை கிடையாது, பல மருந்துகளின் கூட்டு. அந்தக் கூட்டில் ஆரம்ப காலத்திலிருந்து இன்றுவரை நிற்பவற்றில் இந்தச் சுடுகாட்டு மல்லியும் ஒன்று.

இது மரபணு முடிச்சு எதையும் அவிழ்ப்பதில்லை. செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இரண்டு பக்கமும் இழுக்க வடம் மாதிரி நுண்குழல்கள் உருவாகும். சித்திரைத் தேருக்கு வடம் திரிக்கவே விடாமல் தடுத்தால் தேர் நிலையை விட்டு நகருமா? வின்கிறிஸ்டின் செய்வது அந்த வேலை. பசிபிக் யூ மரப்பட்டையிலிருந்து வந்த பாக்லிடாக்செல் என்ற இன்னொரு புற்றுநோய் மருந்து இதற்கு நேர் எதிர்: திரித்த வடத்தைப் பிரிக்க முடியாதபடி இறுக்கிவிடும். இரண்டு வழியிலும் செல் நடுவழியில் நின்று சாகும். முரட்டு வேலைதான். ஆனால் நடக்கிறது.

முரட்டுத்தனத்துக்கு விலை உண்டு. நரம்புக்குள்ளும் இதே நுண்குழல்கள்தான் சரக்கு ஏற்றிச் செல்லும் தண்டவாளம். அதனால் வின்கிறிஸ்டின் நரம்பைத் தொடும். சித்தப்பா 35 வருஷம் பஸ் ஓட்டியவர், கிளட்ச் மிதித்த கால். இரண்டாவது கீமோவுக்கு அப்புறம் ஒரு நாள் டீக்கடையிலிருந்து வீடு வந்து பார்த்தால் இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று அவருக்குத் தெரியவே இல்லை. பாதம் அவ்வளவு மரத்துப் போயிருந்தது. இதனால்தான் பெரியவர்களுக்கு ஒரு தடவைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகப் போடுவதில்லை. தவறிப்போய் முதுகுத்தண்டு நீருக்குள் ஏற்றிவிட்டால் உயிரையே எடுத்துவிடும் என்பதால் தனிப் பையில், எச்சரிக்கை எழுதி, ரத்தநாளத்தில் மட்டும் ஏற்றுகிறார்கள்.

அப்படியானால் வாசலில் இருக்கும் இலையையே மென்றால் என்ன என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்டும் இருக்கிறார்கள், என் வகுப்பிலேயே. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராம் மருந்து எடுக்கக் காய்ந்த இலை சுமார் 500 கிலோ வேண்டும் என்பது வழக்கமாகச் சொல்லும் அளவு. அப்படிப் பார்த்தால் 2 மில்லிகிராமுக்கு ஒரு கிலோ காய்ந்த இலை. பச்சை இலையாக எத்தனை கூடை என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கூடையில் நமக்கு வேண்டியதோடு ஆல்கலாய்டு எனும் வீரியமான தாவரச் சரக்குகள் வேறு நூற்றுக்கும் மேல் வரும். கரிசல் காட்டில் திரியும் ஆடு எதையும் விட்டுவைக்காது, இதை மட்டும் மோந்துவிட்டுப் போய்விடும். ஆட்டுக்கு இருக்கும் அறிவு நமக்கும் வேண்டும்.

தெற்குச் சீமைக் கரிசலில் இது மானாவாரிப் பயிர். விருதுநகர், தூத்துக்குடி பக்கம் இலையையும் வேரையும் தனித்தனியாகக் காயவைத்து விற்கிறார்கள். இலை இந்தப் புற்றுநோய் மருந்துக்கு, வேர் ரத்தக் கொதிப்புக்கான அஜ்மாலிசினுக்கு. நம் மண்ணில் விளைந்த இலை ஏதோ ஒரு தொழிற்சாலையில் சாறாகி, படிகமாகி, குப்பிக்குள் போய், திரும்பி வந்து நம் ஆளின் கையில் ஏறுகிறது. அதைத்தான் 'ரசாயனம்' என்கிறார்கள்.

மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இப்படி ஒரு கதை உண்டு. சீன மரம் ஒன்றில் 1966-இல் புற்றுச் செல்லைக் கொல்லும் கேம்ப்டோதெசின் கண்டுபிடிக்கப்பட்டது. சென்னை மாநிலக் கல்லூரி முதல்வராக இருந்த டி.ஆர். கோவிந்தாச்சாரி பிறகு பம்பாய் ஆய்வகத்தில் வேலை செய்தபோது, 1972-இல் அதே சரக்கு நம் மலைக்காட்டு மரம் ஒன்றிலும் இருப்பதைக் காட்டினார். அதிலிருந்து வந்த இரினோடெகான் இன்று குடல் புற்றுநோய்க்குப் பயன்படுகிறது. மரம்தான் வெட்டி வெட்டிக் குறைந்துவிட்டது.

மஞ்சள்

இப்போது டப்பாவுக்கு வருவோம். மஞ்சள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மஞ்சள் இல்லாமல் எங்கள் வீட்டில் மீன் கழுவ மாட்டார்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று 1995-இல் மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்குக் காப்புரிமை வாங்கியபோது, இது எங்கள் பாட்டி வைத்தியம் என்று இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் ஆதாரத்தோடு மோதி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது. அதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் புண்ணில் பூசுவது வேறு, புற்றுக்குள் புகுவது வேறு.

டப்பாவில் எழுதியிருப்பது முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆய்வகத் தட்டில் வளரும் புற்றுச் செல்கள்மேல் மஞ்சளின் முக்கியச் சத்தான குர்குமினை ஊற்றினால் நிறைய நடக்கிறது. அழற்சி மரபணுக்களைத் தட்டியெழுப்பும் என்.எஃப்.-கப்பா-பி என்ற சுவிட்ச் அடங்குகிறது. ஹிஸ்டோன் நூல்கண்டைத் தளர்த்தும் பி300 என்ற நொதியைக் குர்குமின் தடுக்கிறது என்று பெங்களூர் ஜவாஹர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தார் 2004-இல் காட்டினார்கள். முந்திரிக் கொட்டை ஓட்டு எண்ணெயிலிருக்கும் அனகார்டிக் அமிலத்துக்கும் இதே குணம் உண்டு என்று கண்டவர்களும் அவர்கள்தான். நல்ல அறிவியல். மரபணு ஒழுங்காற்றலைத் தொடும் தாவரப் பொருள் என்றால் இதுதான் உதாரணம். தட்டில்.

சிக்கல் தட்டுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிறது. தட்டில் வேலை செய்யப் பொதுவாக 10 முதல் 50 மைக்ரோமோலார் அடர்த்தி தேவைப்படுகிறது. மனிதர்களுக்கு 8 கிராம் குர்குமினை விழுங்கக் கொடுத்தும் ரத்தத்தில் 2 மைக்ரோமோலாரை எட்டுவதே அரிது. பல ஆய்வுகளில் அதிலும் ரொம்பக் கீழே. கடை மஞ்சள்தூளில் குர்குமின் சராசரியாக 3 சதவீதம்தான். குழம்புக்கு அரைக் கரண்டி போட்டால் 45 மில்லிகிராம் வரும். 8 கிராம் எட்ட ஒரே நாளில் கால் கிலோவுக்கு மேல் மஞ்சள்தூள் தின்ன வேண்டும். தின்றதும் குடலில் சரியாக உறிஞ்சப்படாது. உறிஞ்சப்பட்டதைக் கல்லீரல் உடனே மாற்றி வெளியே தள்ளிவிடும். நம் ரத்தத்தின் காரத்தன்மை கொண்ட வெறும் கரைசலில் வைத்தாலே அரை மணி நேரத்தில் பெரும்பகுதி சிதைந்துவிடும் பொருள் இது.

மிளகு சேர்த்தால்? பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 1998-இல் 2 கிராம் குர்குமினோடு மிளகுச் சத்தான பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்து, உடலில் சேருவது 20 மடங்கு கூடுவதைக் காட்டினார்கள். எல்லா டப்பாவிலும் '2000 சதவீதம்' என்று மின்னுவது இதிலிருந்து வந்ததுதான். ஆனால் அடியில் இருந்தது ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாததின் 20 மடங்கு எவ்வளவு என்று கடைக்காரர் சொல்வதில்லை.

மனிதர்களில் நடந்ததையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கணையப் புற்றுநோய் முற்றிய 25 பேருக்குத் தினம் 8 கிராம் கொடுத்த அமெரிக்க ஆய்வு ஒன்று 2008-இல் வந்தது. ஒருவருக்கு நோய் 18 மாதங்களுக்கு மேல் வளராமல் நின்றது. இன்னொருவருக்குக் கட்டி 73 சதவீதம் சுருங்கியது, ஆனால் நீடிக்கவில்லை. மற்றவர்களுக்கு எதுவும் இல்லை. ஆர்வம் கிளப்பும் செய்திதான், மருந்து என்று சொல்லப் போதாது. அதற்குப் பிறகு 2017-இல் மினசோட்டா பல்கலைக்கழக வேதியியலாளர் ஒருவர் தலைமையில் அதுவரை நடந்த 120-க்கும் மேற்பட்ட மனிதப் பரிசோதனைகளை அலசினார்கள். யாருக்கு எது போகிறது என்று நோயாளிக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு நடத்தியவற்றில் ஒன்றுகூடத் தெளிவாக வெல்லவில்லை என்பது அவர்கள் தீர்ப்பு.

இதுவரை சொன்னது 'பலனில்லை' என்ற பக்கம். அது மட்டும் என்றால் 1,800 ரூபாயோடு போகட்டும் என்று விட்டிருப்பேன். பயம் வேறு இடத்தில். மிளகுச் சத்து எப்படிக் குர்குமினைக் கூட்டுகிறது? கல்லீரலின் கழிவுக் கதவுகளை மெதுவாக்கித்தான். வின்கிறிஸ்டினைக் கரைத்து வெளியேற்றுவதும் அதே கல்லீரலில் உள்ள ஒரு நொதிக் குடும்பம். பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் இட்ராகொனசோல் அந்த நொதியை அடக்கும்போது வின்கிறிஸ்டினின் நரம்பு நச்சு கூடுவது மருத்துவர்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். அடர்த்தியான பைப்பரினும் ஆய்வகத்தில் அதே நொதியை அடக்குகிறது. ரசத்தில் தட்டிப் போடும் நாலு மிளகைப் பற்றி நான் பேசவில்லை. மாத்திரைக்குள் திணித்த சாரத்தைப் பற்றிப் பேசுகிறேன். இன்னொன்றும் உண்டு. மார்பகப் புற்றுச் செல்களில் சில கீமோ மருந்துகளின் கொல்லும் வேலையையே குர்குமின் தடுத்ததை 2002-இல் ஓர் ஆய்வகம் காட்டியது. அப்புறம் கல்லீரல்: மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் கெட்ட 10 பேரை அமெரிக்கக் கண்காணிப்பு ஒன்று 2022-இல் பட்டியலிட்டது. 5 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார்.

சித்தி டப்பாவைக் காட்டும்போதே அதில் 20 மாத்திரை குறைந்திருந்தது. கால் மரப்பு அதனால்தான் கூடியது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். வின்கிறிஸ்டின் தனியாகவே அதைச் செய்யும். ஆனால் எதனால் என்று பிரித்துப் பார்க்க முடியாத நிலையை அந்த டப்பா உண்டாக்கிவிட்டது.

இதே வரிசையில் வரும் மற்றவற்றை நீட்ட வேண்டாம். பச்சைத் தேயிலையின் கேட்டிசின் தட்டில் மெத்தில் ஒட்டும் நொதியைத் தடுக்கும். ஆனால் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் போர்டெசோமிப் மருந்தைக் கட்டிப்போட்டுச் செயலிழக்கச் செய்வது 2009-இல் எலிகளில் தெரிந்தது. அந்த மருந்து எடுப்பவர்கள் பச்சைத் தேயிலைச் சாரம் பக்கம் போகவே கூடாது. முட்டைக்கோஸ், முள்ளங்கி, கடுகு குடும்பத்தின் சல்ஃபோராஃபேன் ஹிஸ்டோன் நொதியைத் தொடுகிறது. காயாகச் சாப்பிடுங்கள், நல்லதுதான். முள் சீத்தாப்பழம் வாட்ஸ்அப்பில் புற்றுநோயை நூறு முறை குணப்படுத்திவிட்டது. நிஜத்தில் அதிகமாகச் சாப்பிடும் கரீபியன் தீவான குவாதலூப்பில் பார்கின்சன் போன்ற நடுக்க நோயோடு அதைச் சேர்த்துப் பேசுகிறார்கள்.

முடிச்சு அவிழ்க்கும் ஊசி

மரபணு ஒழுங்காற்றலை உண்மையிலேயே மாற்றும் மருந்து வேண்டுமா? இருக்கிறது. மருந்துக் கடையில், ரசீதோடு.

அசாசிட்டிடின் 1960-களில் செக்கோஸ்லோவாகியாவில் செய்த மருந்து. முதலில் இதையும் செல்லைக் கொல்லும் கீமோவாகத்தான் பெரிய அளவில் போட்டார்கள், நோயாளிகள் தாங்கவில்லை. 1979-இல் பீட்டர் ஜோன்ஸும் ஷெர்லி டெய்லரும் இதைச் சாதாரண எலிச் செல்கள்மேல் கொஞ்சமாகப் போட்டபோது அவற்றில் சில தசைச் செல்களாக மாறின. எழுத்து எதையும் மாற்றாமல் குணம் மாறிவிட்டது. டி.என்.ஏ.வின் சி என்ற எழுத்தைப் போல வேஷம் போட்டு உள்ளே நுழைந்து, மெத்தில் ஒட்ட வரும் நொதியைப் பிடித்து வைத்துக்கொள்கிறது இந்த மருந்து. அடுத்தடுத்துச் செல் பிரியும்போது முடிச்சுப் போட ஆள் இல்லை. முடிச்சு தானாகக் குறைகிறது.

2004-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. எலும்பு மஜ்ஜை ஒழுங்காக ரத்தம் உற்பத்தி செய்யாத மைலோடிஸ்பிளாசியா என்ற நோயின் ஆபத்தான வகைக்கு 358 பேரில் நடந்த பரிசோதனையில், வழக்கமான சிகிச்சையில் 15 மாதமாக இருந்த நடு ஆயுள், அதாவது பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம், 24.5 மாதமானது. ஒன்பது மாதம்தானா என்று தோன்றும். 70 வயதில் வேறு வழியில்லாமல் நிற்கும் ஒருவருக்கு அது பெரிய விஷயம்.

இங்கே சுங்குடி உவமை கொஞ்சம் உதைக்கும். சேலையில் அவிழ்த்த முடிச்சு அவிழ்த்ததுதான். செல்லில் மருந்தை நிறுத்தினால் முடிச்சு மறுபடி விழும். அதனால் 28 நாளுக்கு ஒரு சுற்று, அதில் 7 நாள் ஊசி. பலன் தெரியவே நாலைந்து சுற்று ஆகலாம். இரண்டாவது சுற்றிலேயே 'கேட்கலை' என்று பொறுமை இழப்பவர்கள் அதிகம். அதோடு, இந்த முடிச்சை மட்டும் அவிழ் என்று சொல்ல முடியாது, துணி முழுக்கக் கை வைக்கும். ரத்த அணுக்கள் குறையும், காய்ச்சல் வரும், ரத்தம் ஏற்ற வேண்டிவரும். நுரையீரல், மார்பகம் போன்ற கட்டிப் புற்றுகளில் இந்த வகை மருந்துகள் இன்னும் பெரிதாகச் சாதிக்கவில்லை. ஹிஸ்டோன் பக்கம் வேலை செய்யும் வொரினோஸ்டாட் 2006-இல் வந்தது, அதுவும் தோலில் வரும் அரிய லிம்போமா ஒன்றுக்கு மட்டும்.

ஆனால் ஒரே ஓர் இடத்தில் இந்த வழி முழு வெற்றி. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். தீவிர புரோமைலோசைட்டிக் ரத்தப் புற்றுநோயில் 15, 17 ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் ஒரு கலப்புப் புரதம் பிறக்கிறது. அது செல்லை முதிரவைக்கும் மரபணுக்கள்மேல் உட்கார்ந்து பூட்டிவிடும். முதிராத செல்கள் பெருகி, ரத்தம் உறையாமல், சில நாட்களிலேயே ஆளைக் கொண்டுபோய்விடும் நோய் அது. ஷாங்காயில் வாங் சென்யி குழு வைட்டமின் ஏ-யின் உறவான ரெட்டினோயிக் அமிலத்தை 24 பேருக்குக் கொடுத்தது. 23 பேருக்கு நோய் அடங்க அது மட்டுமே போதுமானதாக இருந்தது. 1988-இல் இதை வெளியிட்டார்கள். செல்லைக் கொல்லவில்லை, வளரவிட்டார்கள். பூட்டு திறந்ததும் அது தானாகப் பெரியவனாகி, தன் ஆயுள் முடிந்து போய்ச் சேர்ந்தது. பின்னால் இதோடு ஆர்சனிக் ட்ரையாக்சைடு சேர்ந்தது. நம் சித்தர் நூல்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லும் அதே சரக்கு. சீனாவின் ஹார்பினில் நாட்டு வைத்தியத்திலிருந்து 1970-களில் பிடித்தார்கள். கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் என்று அளந்து, இதயத் துடிப்பைக் கண்காணித்து, ரத்தநாளத்தில் ஏற்றுகிறார்கள். மிகத் தீவிரமாக இல்லாத நோயாளிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் குணமாகிறார்கள்.

வைட்டமின் ஏ என்றதும் கேரட் ஞாபகம் வரும். வந்தது பின்லாந்துக்காரர்களுக்கும். புகைபிடிக்கும் 29,133 ஆண்களில் ஒரு பகுதியினருக்குத் தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை கொடுத்தார்கள். நுரையீரல் புற்று குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994-இல் முடிவு வந்தபோது 18 சதவீதம் கூடியிருந்தது. ஒரே குடும்பப் பொருள். ஒன்று ஒரு நோயின் பூட்டுக்குச் செய்த சாவி, இன்னொன்று சாக்கு நிறைய அள்ளிக் கொட்டியது.

பக்கத்தில் பக்கத்தில்

மூன்றையும் ஒரு மேசையில் வைத்து எதைக் கேட்பேன் என்றால், முதலில் அளவு. சுடுகாட்டு மல்லிக்கு அளவு மில்லிகிராமில் தெரியும், முடிச்சு ஊசிக்கும் தெரியும். மஞ்சள் மாத்திரையில் விழுங்கிய அளவு தெரியும், புற்றைத் தொட்டது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. மரபணுவைத் தொடுகிறதா என்ற கேள்வியில் வேடிக்கை என்னவென்றால், மூன்றில் அதிகம் பேரைக் காப்பாற்றிய சுடுகாட்டு மல்லி மரபணு ஒழுங்காற்றலைச் சட்டை செய்வதே இல்லை. 'மரபணு வரை செல்லும்' என்பது தகுதிச் சான்றிதழ் ஆகாது. சாராயமும் சிகரெட்டும்கூட மரபணு வரை செல்கின்றன.

கெடுதலில் வின்கிறிஸ்டின்தான் மோசமாகத் தெரியும், ஏனென்றால் அது எழுதி வைத்த கெடுதல்; எதிர்பார்த்து அளவைக் குறைக்கிறார்கள். மஞ்சள் மாத்திரையின் கெடுதல் எழுதப்படாதது. ஆனாலும் இரண்டையும் ஒன்றாகச் சாப்பிடுவதைவிட மோசமான முடிவு ஒன்று உண்டு: ஊசியை நிறுத்திவிட்டு டப்பாவை மட்டும் நம்புவது. 2018-இல் வந்த அமெரிக்க ஆய்வில், குணப்படுத்தக்கூடிய நிலையில் இருந்தும் மாற்று வைத்தியத்தை மட்டும் தேர்ந்தவர்கள் இறக்கும் ஆபத்து இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் அது ஐந்தரை மடங்கைத் தாண்டியது.

செலவுக்கும் இதே வாதம்தான் ஓடுகிறது, ஊசி லட்சக்கணக்கில் ஆகும் என்று. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, பாலரெங்கபுரத்தில் அரசு சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. டப்பாவுக்குக் காப்பீடு கிடையாது. மாதம் 1,800 கைக்காசு.

ஆக, சித்தப்பாவுக்கு வந்த மாதிரி லிம்போமாவா, குழந்தைக்கு ரத்தப் புற்றா, செடியிலிருந்து எடுத்த ஊசிக்குத்தான் என் ஓட்டு. புரோமைலோசைட்டிக் வகை என்று பெயர் வந்துவிட்டால் ரெட்டினோயிக் அமிலம், ஆர்சனிக். ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. மஜ்ஜை மக்கர் செய்யும் முதியவருக்கு அசாசிட்டிடின், பொறுமையோடு. மஞ்சள் குழம்பில், ரசத்தில், பாலில், எல்லாருக்கும், எப்போதும்.

நாலாவது கீமோவுக்குப் போகும்போது சித்தியிடம் டப்பாவைக் கையோடு எடுத்து வரச் சொன்னேன். பெயரைச் சொன்னால் போதாது, லேபிள் வேண்டும். அவர் டப்பாவோடு கோடு போட்ட நோட்டுத்தாள் ஒன்றையும் கொண்டு வந்தார். வீட்டில் சித்தப்பா உள்ளே தள்ளுவது எல்லாம் வரிசையாக எழுதியிருந்தது: சுகர் மாத்திரை, கீழமாசி வீதியில் வாங்கிய திரிபலா சூரணம், காலையில் வேப்பங்கொழுந்து, ராத்திரி மஞ்சள் பால் ஒரு டம்ளர். டாக்டர் டப்பாவைத் திருப்பிப் படித்துவிட்டு மேசையின் மறுபக்கம் தள்ளி வைத்தார். சூரணத்தையும் கொழுந்தையும் கீமோ முடியும் வரைக்கும் நிறுத்தச் சொன்னார். மஞ்சள் பாலுக்கு டிக் அடித்தார். கால் மரப்பைக் கேட்டு, பாதத்தில் பஞ்சை வைத்து இழுத்துப் பார்த்து, இந்தத் தடவை வின்கிறிஸ்டினைப் பாதியாகக் குறைத்து எழுதினார்.

"அந்தச் செடியில இருந்துதான் அந்த ஊசியாமே, நெசமா?" என்று சித்தி திரும்பும் வழியில் ஆட்டோவில் கேட்டார். ஆமாம் என்றேன். அப்புறம் வீடு வரும்வரைக்கும் அவர் எதுவும் பேசவில்லை.